பகுமே ஆறு, இரவு எட்டு மணி

டெஸ்ஸியிலிருந்து செவிலி அய்னாலெம் அழைத்தாள்.
"நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்கு ஒரு குழந்தை வந்திருக்கிறது.
உங்கள் திரை சொல்கிறது,
அதற்கு எட்டு வயதாம்.
எதற்கும் வாயைத் திறந்து பார்த்துவிட்டேன்,
பல் இல்லை."

அடிஸ் அபாபா, கசாஞ்சிஸ் பக்கம், மூன்றாம் மாடி.
மின்சாரம் அப்போதுதான் திரும்பியிருந்தது.
பதிவைத் திறந்தேன்.
பெயர்க் கட்டத்தில் 'பெண்' என்று மட்டும்.
பிறந்த தேதி, அவள் கைப்பட அடித்தது:
06/13/2007.
நாள், மாதம், ஆண்டு.
எழுத்துப் பிழை ஒன்றுமில்லை.

எங்களுக்குப் பதின்மூன்று மாதம்.
பன்னிரண்டுக்கும் முப்பது முப்பதாய் அளந்து கொட்டியபின்
மரக்காலின் அடியில் ஒட்டியிருக்கும்
ஐந்து நாள், பகுமே.
ஒப்புக்குச் சப்பாணி மாதம்.
அதற்குச் சம்பளம் கிடையாது,
வாடகை கேட்டும் யாரும் வருவதில்லை.
நான்காண்டுக்கு ஒருமுறை
ஆறாவதாய் ஒரு நாள் அதற்கு முளைக்கும்.
முளைத்த அன்று பிறந்திருக்கிறாள் இவள்.

தேதி பிரிக்கும் நூலகம்
எந்த ஊரிலோ யாரோ
நல்லெண்ணத்தில் எழுதியது.
நடுவில் பதின்மூன்றைப் பார்த்திருக்கிறது.
மாதமாய் இருக்க வழியில்லை,
பாவம், அவசரத்தில் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள்
என்று தானே இரங்கி, தானே திருத்தி,
ஜூன் பதின்மூன்று, இரண்டாயிரத்து ஏழு
என்று உட்காரவைத்துவிட்டது.
கத்தியிருக்கலாம்.
ஒரு சிவப்பு வரியாவது போட்டிருக்கலாம்.

அதைத் திட்டிக்கொண்டே தேடிப் போனால்
அதனிடம் தள்ளிவிட்டதே நான்.
நம் தேதியை அவர்கள் தேதியாக்கும் மாற்றி
என் கையால் எழுதியது.
மாதம் பன்னிரண்டைத் தாண்டினால்
எனக்குத் தெரியாது, நூலகத்தைக் கேள்
என்று கைகழுவுகிறது ஒரு வரி.
பகுமே மழையில் விடியுமுன் எழுந்து குளித்தவள்,
ஆண்டு தவறாமல், பல் கிடுகிடுக்க.
எண்ண உட்கார்ந்தபோது
பன்னிரண்டோடு நிறுத்தியிருக்கிறேன்.

வேறு யார் யார் என்று பார்த்தேன்.
ஜனவரி பதின்மூன்று. பிப்ரவரி பதின்மூன்று.
ஜூன் வரை ஒவ்வொரு பதின்மூன்றிலும்
கும்பலாய் நின்றார்கள் பிள்ளைகள்,
பாதை தவறி ஏறிய பேருந்தில்போல.
நாற்பத்தொரு பேர்.

இவளை முதலில் இறக்கினேன்.
செப்டம்பர் பதினொன்று, இரண்டாயிரத்துப் பதினைந்து.
"எத்தனை மணிக்குப் பிறந்தாள்?"
"இரவு எட்டு."

இரவு எட்டு என்றால்
இருட்டத் தொடங்கி எட்டு.
சுவர்க் கடிகாரத்து முள்ளும் எட்டில்தான் நிற்கும் எங்களுக்கு,
என் கணினிக்கு அது அதிகாலை இரண்டு,
பன்னிரண்டாம் தேதி.
பன்னிரண்டாம் தேதியோ புத்தாண்டு,
இரண்டாயிரத்து எட்டு, மெஸ்கெரெம் முதல் நாள்.
ஒரு பிள்ளைக்கு இரண்டு ஆண்டு எப்படிப் போடுவது?

"தாயைக் கேள்" என்றேன்.
கேட்டாள். அந்தப் பக்கம் சிரிப்பு.
"மஞ்சள் பூக்கட்டோடு பாட வரும் சிறுமிகள்
அப்போது இன்னும் வாசலுக்கு வரவில்லையாம்.
விடியவே இல்லை, பழைய ஆண்டுதான் என்கிறாள்."

நள்ளிரவில் நாள் மாறும் என்று
யார் அவளிடம் சொன்னார்கள்?
வாதாட வாயெடுத்துவிட்டு
ஃபிராங்க்ஃபர்ட் சர்வரில் எட்டிப் பார்த்தேன்.
அங்கே உலக நேரம், மூன்று மணி பின்னால்:
பதினொன்றாம் தேதி, 23:00.
தாயும் சர்வரும் ஒரு கட்சி.
நான் தனியாள்.

அட்டவணையில் புதிதாய் ஒரு பத்தி சேர்த்தேன்.
பெயர்: சொன்னபடி.
அதில் எதையும் பிரிக்கக் கூடாது, திருத்தக் கூடாது.
பகுமே ஆறு, இரவு எட்டு
என்று எழுத்தாகவே கிடக்கட்டும்.

தொலைபேசியில் திடீரென்று ஓர் அலறல்.
"போட்டாயிற்று" என்றாள் அய்னாலெம்.
"நேரம் நான்கு என்று எழுதுகிறேன்."
என் திரையில் காலை பத்து.

சரி என்றேன்.
இன்னும் நாற்பது பேர் இருக்கிறார்கள்.