புனித ஆல்பன் ஆலயம், வழியில்

சேகரத்துக் கணக்குப் புத்தகம் இப்போது என் பொறுப்பு.
அட்டையில் எலி தின்ற ஓரம்,
உள்ளே நாலைந்து பேர் கையெழுத்து.

ரயில் வெதர்லிக்கு வரவில்லை.
தெற்கே நாலு மைல் தள்ளிப் போயிற்று.
தபாலாபீஸ் போனது, கொல்லன் போனான்,
மளிகைக் கடை ஒரே இரவில் போனது.
சஸ்காட்செவன் சமவெளியில்
ஆலயம் மட்டும்
வண்டியைத் தவறவிட்டவர்போல நின்றது.

ஊர் கூடினால் தேர் நகரும் என்பார்கள்.
இவர்கள் கோயிலையே இழுத்தார்கள்.
பதினொன்றாம் வருடம், ஜனவரி.
இருபத்திரண்டு குதிரைகள்.
அவை மிரளக் கூடாதென்று
மணியின் நாக்கில் உருளைக்கிழங்குச் சாக்கு.
(சாக்கு ஒன்று, நாற்பது சென்ட்.
அவிழ்த்தது பற்றிக் குறிப்பு இல்லை.)

மூன்றாம் நாள் சறுக்குக்கட்டை முறிந்தது,
ஜோசையா போகாக் நிலத்தில்.
மெதடிஸ்ட்காரர்,
பேராயர் என்றாலே மூக்கைச் சுளிப்பவர்.
பதினொரு வாரம் அவருடைய கோதுமைத் தாளின்மேல்
உட்கார்ந்திருந்தது ஆலயம்.
ஞாயிறுதோறும் ஏணி வைத்து ஏறினார்கள்.
விதவை டிரான்மர் ஏணிக்கு இணங்கவில்லை,
பனியில் நின்றபடியே பதிலுரைகள் சொன்னார்,
உள்ளே இருப்பவர்களைவிடச் சத்தமாக.

பிப்ரவரியில் ஒரு குழந்தை, ஹெஸ்தர் க்விர்க்.
தொட்டியில் உறைந்த நீரைக்
கரண்டிக் காம்பால் உடைத்து ஞானஸ்நானம்.
பதிவேட்டில் 'இடம்' என்ற கட்டத்தில்
குருவானவர் லெதாபி தயங்கியிருக்கிறார்:
ஒரு மைப்பொட்டு, பிறகு
'வழியில்'.

பனி இளகுமுன் எப்படியோ வந்து சேர்ந்தார்கள்.
திருப்பி வைக்க இடமில்லை, தெம்புமில்லை.
நின்ற வாக்கிலேயே விட்டுவிட்டார்கள்.
பலிபீடம் மேற்கில்.
அதற்கு மேலுள்ள சன்னலை
இன்றும் கிழக்குச் சன்னல் என்கிறோம்.
மாலை ஆராதனையில்தான்
எங்களுக்கு விடிகிறது.

போகாக் அனுப்பிய ரசீதை ஒட்டிவைத்திருக்கிறார்கள்.
நில வாடகை: இல்லை.
கொடுத்த நிலக்கரி: இல்லை.
பதினொரு வாரம் உங்கள் பாட்டைக் கேட்டதற்கு:
இரண்டு டாலர்.

கொடுத்திருக்கிறார்கள்.

தண்டவாளத்தை எழுபத்தொன்பதில்
கழற்றிக்கொண்டு போனார்கள்.
கோதுமைக் கிடங்கு அதற்குப் பிறகு.
போன ஞாயிறு ஏழு பேர்,
மணியடித்த ஹெஸ்தரின் பேத்தியையும் சேர்த்து.
மணி கொஞ்சம் தொண்டை கட்டியதுபோலத்தான் ஒலிக்கும்,
எப்போதுமே.

திருமண்டலத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
மூடுவதா என்று முடிவு செய்வதற்கு முன்
சில விவரங்கள் தேவையாம்.
உறுப்பினர் எண்ணிக்கை எழுதினேன்.
கூரையின் வயது எழுதினேன்.
'இடம்' என்ற கட்டத்தை
இன்னும் தொடவில்லை.