கூன் முதுகுப் பாலம்

கொருக்குப்பேட்டை.
மீன்பாடி வண்டியில் பன்னிரண்டு மூட்டை சிமென்ட்.
ஏற்றம் தொடங்கும் இடத்தில்
தேசிங்கு இறங்கித் தள்ளுகிறான்.

"இன்னாத்துக்கு இவ்ளோ தூக்கிக் கட்னான்?
கீழ ஓடறது சாக்கடை. முட்டி அளவு தண்ணி."

படகுக்காக, தேசிங்கு.
ஸ்ரீஹரிகோட்டா சவுக்கு வந்தது,
எண்ணூர் உப்பு வந்தது,
சுண்ணாம்புக் காளவாய்க்குப் பழவேற்காட்டுக் கிளிஞ்சல்.
பாய்மரம் இடிக்காமல் போக
எத்தனை அடி வேண்டுமென்று
யாரோ ஒரு ஓவர்சீயர்
கரையில் நின்று அண்ணாந்திருப்பான்.
அந்த அண்ணாத்தலின் உயரம்தான்
உன் கெண்டைக்காலில் வலிக்கிறது.

அப்புறம் ரயில், லாரி.
கால்வாய்க்குள் குப்பை, குப்பைமேல் கொட்டாய்,
கொட்டாய்க்கு ஒரு கதவு எண்.

ஒரு டிசம்பரில்
தண்ணீர் தன் பழைய வழியைக் கேட்டு வந்தது.
வளைவுக்கு ஒரு முழம் கீழே நின்றது.
பாலத்தின்மேல் கன்னியம்மா வீட்டார் பதினொரு பேர்,
ஒரு கிரைண்டர், இரண்டு ஆடு.
அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க
அவர்களுடைய கீற்றுக் கூரை
மெல்லத் திரும்பி, நேராகி,
எங்கும் இடிக்காமல்
பாலத்தடியில் நுழைந்து வடக்கே போனது.

தேசிங்கு ஒன்றும் சொல்லவில்லை.
உச்சியில் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு
பீடி பற்றவைக்கிறான்.
வண்டிக்கு பிரேக் சரியில்லை.
இனி இறக்கம்.