நாற்பத்திரண்டு எழுத்துக்குள்

கோலகெட்டில், தாமான் மூன்றாம் வரிசை.
மழை கூரைத் தகரத்தை விடுவதாக இல்லை.
கணினித் திரையில் யோஸ்ட் என்றொருவன்
கையுறை மாட்டிக்கொண்டிருக்கிறான்:
பத்தொன்பது வயது,
முன்னூற்றெண்பது வருடத்துப் பனி,
இன்னும் சரியாக முளைக்காத மீசை.

ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து,
இரண்டு வரிக்கு மேல் கூடாது.
நிமிடத்துக்குப் பதினாறு வெள்ளி,
போன மாதத்து வெள்ளியே இன்னும் வரவில்லை.

யோஸ்ட் வாள் பழகுகிறான் பாதுவாவில்,
நடனம் பழகுகிறான் லைடனில்,
இரண்டிலும் தேறாமல்
அப்பனுக்குக் கடிதம் எழுதுகிறான்:
குதிரை நொண்டிவிட்டது, பணம் அனுப்புங்கள்.
குதிரை நொண்டவில்லை.
எனக்கு இதை மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை.
என் தம்பியின் மோட்டார் சைக்கிளும்
மாதாமாதம் ஜொகூரில் நொண்டுகிறது.

நான்காம் பாகத்தில் அப்பன் சாகிறான்.
போர் தின்று துப்பிய நிலத்துக்குத் திரும்புகிறான் யோஸ்ட்.
எரிந்த களஞ்சியம், ஓநாய்த் தடம்,
அறுபது குடியில் மிஞ்சிய பதினொன்று.
முற்றத்துச் சேற்றில் அவர்களை நிறுத்தி
ஒருவன் பேர் வாசிக்கிறான்.
மண்ணோடு சேர்ந்த ஆட்கள்.
மண்ணை விற்றால் கூடவே போவார்கள்.
கல்யாணம் கட்டவும் யோஸ்டின் முத்திரை வேண்டும்.

பேர் வாசிப்பவனுக்கு ஜெர்மன் மொழியில்
ஏதோ நீளமான பட்டம். நான் யோசிக்கவே இல்லை,
விரல் தட்டிவிட்டது: கிராணி.
அந்தக் காலைக் கூட்டம்: பெரட்டு.
குதிரைமேல், குளிரில் மூக்குச் சிவந்து,
என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவன்:
சின்னத் துரை.
எழுத்துக்கூட மிச்சம் இருந்தது.

கோலாலம்பூரிலிருந்து எடிட்டர் இளவேனில்
சிவப்பு அடித்துத் திருப்பினாள்:
இது ஐரோப்பா. தோட்டத்துப் பேச்சு வேண்டாம்.
இளம் பிரபு என்று போடு.

போட்டேன். முப்பத்தேழு இடம்.
ஒரே தட்டலில் மாறிவிட்டன.
வெளியே செம்பனை லாரி திரும்பும் வளைவில்
இரண்டு குலை விழுந்து உருண்ட சத்தம்;
பொறுக்க யாரோ மழையில் ஓடினார்கள்.

கடைசிக் காட்சி. யோஸ்ட் இறங்குகிறான்.
கடிவாளத்தை வாங்கிக்கொள்ளும் பையன்
முகத்தைத் திருப்பி ஏதோ சொல்கிறான்.
வசனப் படியில் அந்த இடத்தில்
தெளிவாக இல்லை என்று மட்டும்.
விதிப்படி அங்கே திரை காலியாக இருக்க வேண்டும்,
ஒன்றரை விநாடி.

எண்ணியாச்சா, தொரை? என்று போட்டு
கோப்பை அனுப்பிவிட்டுச்
சோறு வடிக்கப் போனேன்.