தொண்ணூறு யூரோ கிதார்

வாங்கியது தொண்ணூறு யூரோவுக்கு.
விற்ற பையன் மண்டையோட்டு ஸ்டிக்கரோடு கொடுத்தான்,
உரித்தால் பிசின் போகாதாம்.
இப்போது வந்திருக்கும் பிக்கப் இரண்டும்
நூற்று முப்பது, தபால் செலவு தனி.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
கணக்கு எனக்கும் தெரியும், ஹில்க்கா.
சிரித்து முடி.

நீதானே சொன்னாய்
போன சனிக்கிழமை, நடனக்கூடத்தில்,
அக்கார்டியனை மடக்கிப் பெட்டிக்குள் வைத்தபடி:
"உன் பேஸ் கிதாருக்குள் ஒரு ஃப்ரிட்ஜ் ஓடுகிறது."

ஓடியது உண்மை.
தந்தியில் கை இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும்,
எடுத்தால் இரையும்.
டாங்கோவில் எல்லாரும் மூச்சைப் பிடிக்கும் அந்த ஓரிடத்தில்,
பெண்கள் பின்னால் சாய்ந்து
ஆண்களின் முதுகு வலிக்கத் தொடங்கும் இடத்தில்,
ம்ம்ம்ம் என்று
அது மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.
கல்யாண வீட்டுக்குக் குடித்துவிட்டு வந்த
மைத்துனன் வாயைப் பொத்துவதுபோல்
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நிற்பேன்.

டாம்பெரேயில் இரவு. வெளியே மைனஸ் இருபத்து மூன்று.
ரொட்டி ஆலையில் நாலு மணிக்கு ஷிப்ட்.
சமையல் மேசையில் செய்தித்தாள், அதன்மேல் கிதார்
தந்தியெல்லாம் கழற்றி, மல்லாந்து.
பழைய பிக்கப்பைத் தூக்கினேன்.
அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு,
பென்சிலில் ஓர் எண்: 41.
எந்த ஊர்த் தொழிற்சாலையோ.
நாற்பத்தொன்றை எழுதிவிட்டு
யாரோ சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

புதியது குழிக்குள் இறங்கவில்லை.
இரண்டே மில்லிமீட்டர்.
வீட்டில் உளி கிடையாது. ரொட்டிக் கத்தி வேண்டாம் என்று
மனம் சொன்னது, கை கேட்கவில்லை.
மரம் என்று விற்றது ஒட்டுப்பலகை.
பரவாயில்லை, நானும் ஒரே மரத்தில் செய்தவளில்லை.

குழி முழுக்கச் செப்பு நாடா ஒட்டினேன்.
ஈயம் உருகி, ஒரு கணம் கண்ணாடியாக மின்னி,
மங்கி, பிடித்துக்கொண்டது.
ஆம்ப்ளிஃபயரை ஒன்றிலேயே வைத்தேன்,
மேல்வீட்டில் கைக்குழந்தை.

கழுத்துப் பக்கத்து பிக்கப் தனியாக: நல்ல கனம்.
பாலத்துப் பக்கத்தது தனியாக: நல்ல தெளிவு.
இரண்டையும் சேர்த்துத் திறந்தால்
அடித்தளமே காணோம்,
தகர டப்பாவில் ஊற்றிய தண்ணீர்போல் ஒரு சத்தம்.
ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது.
யார்மேலும் குற்றமில்லை,
சேர்ந்தால்தான் இல்லாமல் போகிறார்கள்.
ஓஸ்மோவும் நானும் ஆறு வருடம் இப்படித்தான்.
எந்த வயரை மாற்ற வேண்டுமென்று
எங்களுக்கு யாரும் படம் போட்டுக் கொடுக்கவில்லை.

இதற்குப் படம் இருந்தது.
வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு,
கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை.
கீழே விழுந்து உருண்ட திருகு ஒன்றை
நாற்பத்தொன்றாம் எண்தான் தேடித் தந்தது:
தரையோரம் நகர்த்திக்கொண்டே போனேன்,
டக் என்று கவ்விக்கொண்டது, நாய்க்குட்டிபோல.
காபி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.
எறிய மாட்டேன்.

இரண்டையும் திறந்தேன். அடித்தேன்.
மேசைமேல் கரண்டி அதிர்ந்தது.
பிறகு கையை எடுத்தேன்.

ம்ம்ம்ம்.

அழுதிருப்பேன் ஹில்க்கா.
அரை நிமிடம் கழித்துத்தான் உறைத்தது,
அது நிஜமான ஃப்ரிட்ஜ்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
அப்படி ஒரு அமைதியை இந்தச் சமையலறை கேட்டதில்லை.
அதில் நம் டாங்கோவை முதலிலிருந்து வாசித்தேன்.
அப்போதுதான் கேட்டது:
என் மூன்றாம் விரல் தாமதமாக வருகிறது.
ஒவ்வொரு முறையும். ஒரு மயிரிழை.
பதினோரு வருடமாக அந்த இரைச்சல்
அதைப் போர்த்திக் காப்பாற்றியிருக்கிறது.

மணி மூன்று இருபது.
பாலை எடுத்து பால்கனியில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.
பிளக்கை மறுபடி மாட்ட இன்றைக்கு மனமில்லை.

சனிக்கிழமை
அந்த இடத்தில் நிறுத்து,
எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.
ஆண்கள் முதுகு ஒடியட்டும்.
மூன்றாம் விரலைப் பற்றி மட்டும்
நீயாக எதுவும் சொல்லாதே.