மயில்துத்தம்

வெந்நீரில் நனைத்த பஞ்சை வாலில் சுற்றினால்
நரம்பு எழும்.
ஊசி போகும்போது பதினேழாம் எலி கத்துவதில்லை.
என் கையுறையின் கட்டைவிரலை
முகர்ந்துகொண்டே இருக்கிறது.

கண்ணாடியில் ஒரு சொட்டு,
இன்னொரு கண்ணாடியால் ஒரே இழுப்பு.
சாயம் காய்ந்ததும் லென்ஸுக்கு அடியில்
வட்டமாக இருக்க வேண்டியவை.
முதல் வரிசைக் கூண்டுகளுக்குத் தண்ணீர் மட்டும்,
அவற்றில் எல்லாம் வட்டம்.
மூன்றாம் வரிசையில்
ஓரம் கடிபட்டவை, முள் முளைத்தவை,
உட்கரு போன பிறகும்
ஒரு துகளை விடாமல் வைத்திருப்பவை.
இடது கையில் எண்ணும் கருவி. டிக். டிக்.
ஆயிரம் வரும்வரை எழக்கூடாது.
மாக்கான் போகலாமா என்கிறாள் ஹயாத்தி.
எழுநூற்றுப் பன்னிரண்டு என்கிறேன்.

வெளியே செம்பனையில் வேறு எலிகள்.
பழம் தின்னும் அவற்றுக்காக
ஆந்தைப் பெட்டிகளைக் கம்பத்தில் ஏற்றியிருக்கிறது நிர்வாகம்.
இங்கே இருப்பவற்றுக்கு
கிராம் கணக்கில் தீனி,
பன்னிரண்டு மணிநேர வெளிச்சம், பன்னிரண்டு மணிநேர இருட்டு,
காலையில் ஒருமுறை
தொண்டைக்குழாய் வழியே மருந்து.
தோட்டத்திலும் அதற்கு மருந்து என்றுதான் பேர்.
புல்லுக்கு என்ன நோய் என்று யாரும் கேட்டதில்லை.

ஞாயிறு, ரந்தாவ் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ரத்ததானம்.
விரல் குத்தும் மேசை எனக்கு.
குவளையில் மயில்துத்தக் கரைசல்,
இடைநிலைப்பள்ளிப் பெண்களின் பாவாடை நீலம்.
துளி மூழ்கினால் கொடுக்கலாம்.
மிதந்தால் வீட்டுக்குப் போகலாம்.

இரும்புக்கடைத் தவுக்கே மூழ்கினார்.
கணக்கு வாத்தியார், பஸ் ஓட்டும் சர்ஜித்,
எல்லாரும் கல்லைப்போல.
பத்து மணிக்கு மேல் டிவிஷன் லாரி வந்தது,
மருந்தடிக்கும் கேங்.
ஏழு பெண்கள், ரஃபிக்குல் என்ற வங்காளதேசத்துப் பையன்.
வேதநாயகியின் நகங்கள் வேர்வரை மஞ்சள்,
எங்கே குத்துவது என்று இரண்டு விரல் மாற்றினேன்.
துளி கொஞ்சம் இறங்கியது,
நின்றது,
மேலே வந்தது.
சௌந்தரம். மேலே.
அன்னபாக்கியம். மேலே.
என் இடது கட்டைவிரல் தானாக அமுங்கியபடி இருந்தது.
கையில் கருவி இல்லை.

எட்டில் ஆறு.
ரஃபிக்குல் மூழ்கினான்.
நாட்டுக்கு வந்து பதினான்கு மாதம்தானாம்.

நர்ஸ் நல்ல பெண்.
ஆறு பேருக்கும் கீரை, ஈரல், இரும்புச்சத்து மாத்திரை என்றாள்.
அதுவாகவும் இருக்கலாம்.
சம்பளம் அப்படி, பெற்ற பிள்ளைகள் அத்தனை.
எட்டெல்லாம் ஒரு எண்ணிக்கையா என்பார் டாக்டர் ஊய்,
ஒப்பிட ஒரு வரிசை எங்கே,
தண்ணீர் மட்டும் குடித்த வரிசை?
மனசுக்குள் லயம் லயமாக நடந்து தேடினேன்.
முன்வரிசை, பின்வரிசை, கோயிலை ஒட்டிய நாலு வீடு,
கிராணியின் வீடுகூட.
ஆற்றங்கரையில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்
ஞாபகத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

திருப்பி அனுப்பியவர்களுக்கும் மைலோ உண்டு.
வேதநாயகி பிஸ்கட்டில் ஒரு கடி கடித்து
மீதியை மகனுக்கென்று கைக்குட்டையில் சுற்றினாள்.
ஓரம் போன அந்த வட்டத்தை
எனக்கு ஏற்கெனவே தெரியும்.
"எங்க ரத்தத்துக்கு நீச்சல் தெரியுது பாரு" என்றாள்.
லாரி ஏறும்வரை சிரித்தார்கள்.
பாரத்தில் ஒரு கட்டம்: தற்போது ஏற்பதற்கில்லை.
ஆறு கோடு போட்டேன்.

திங்கட்கிழமை
பதினேழு இருபத்தெட்டு கிராம் இளைத்திருந்தது.
எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.
சாட்சிக்கு ஹயாத்தி ஒன்று.
மதியம் நல்ல மழை.
மருந்தடிப்பை நிறுத்தியிருப்பார்கள் என்று முதலில் தோன்றியது.
பிறகு கணக்குப் பார்த்தேன்:
காலையில் அடித்ததெல்லாம் கழுவிப் போயிருக்கும்,
வெறித்ததும்
முதலிலிருந்து அடிக்க வேண்டும்.