பதவி விவரக் கடிதம்

தலவாக்கலையில் மழை பிடித்த மூன்றாம் வாரம்
கொழும்பிலிருந்து வழக்கறிஞரம்மா அழைத்தார்:
"டீமேக்கர் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.
மேக்கர் என்றால் செய்கிறவர்.
செய்கிறவருக்கு இந்த விசா கிடையாது,
செய்விக்கிறவருக்குத்தான்."

தன்வினை, பிறவினை.
ஒன்பதாம் வகுப்பில் நான் கோட்டைவிட்ட இரண்டு மார்க்
கம்பனிக் கடிதத்தாளில் வந்து நிற்கிறது.

சரி. திருத்தினேன்.
"வாடிய கொழுந்தை உள்ளங்கையில் பொத்தித் திறப்பார்,
அது விரிகிற விதத்தில் நேரம் சொல்வார்"
இதை அடித்துவிட்டு
"வாட்டும் பிரிவை மேற்பார்வை செய்கிறார்."
"மூன்றாம் ரோலர் நின்றால்
சாரத்தை மடித்துக் கட்டி அடியில் படுப்பார்"
இதை அடித்துவிட்டு
"பராமரிப்புக் கொள்கையை வகுக்கிறார்."
வரிக்கு ஒரு விரலாக எடுத்தேன்.
இரண்டாம் பக்கம் முடிகையில்
மருதவீரன் சேருக்குக் கையே இல்லை.

பிறகு படம். கட்டங்களும் கோடுகளும்.
உச்சியில் அவர்.
கீழே இரண்டு சுப்பர்வைசர், ஒரு மெக்கானிக்.
மெக்கானிக் வேலைக்கு இரண்டு வருசமாக ஆளில்லை;
"வெற்றிடம் என்று போடுங்கள், கட்டம் இருக்கட்டும்"
என்றார் வழக்கறிஞரம்மா.
அடியில் கடைசிக் கட்டம்: தொழிலாளர், 61.
அதில் ஒன்று என் தங்கச்சி பவளராணி,
சலிப்பறையில் மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்பவள்.
எழுத்தைச் சிறிதாக்கி அவள் பெயரை அடித்துப் பார்த்தேன்.
நுழைந்தது.
ஆனாலும் அழித்தேன்.
அந்தக் கட்டத்திலிருந்து நியூ ஜேர்சிக்குக்
கோடு எதுவும் போகவில்லை.

தூதரகத்துக்கு இரவு பஸ்ஸில் போனார்,
மச்சானுடைய கோட்டு, தோளில் தொளதொளக்க.
கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்டார்களாம்:
"உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?"
அறுபத்துமூன்று என்றிருக்கிறார்.
இல்லாத மெக்கானிக்கைச் சேர்க்கவில்லை.
பொய் வராது அவருக்கு, எழுதிக் கொடுத்தாலும்.

அதைவிட, அதற்கு முந்திய ஜன்னலில்தான் சங்கடம்.
விரல் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
மெஷின் எடுக்கவில்லை.
சாயம் குடித்த ரேகை, கிரீஸ் தின்ற ரேகை.
துடைத்து ஒருதரம். துடைத்து இன்னொருதரம்.
கடிதத்திலிருந்து நான் எடுத்த பத்தும்
அந்தத் தட்டில் கிடந்து முழித்திருக்கின்றன.
ஐந்தாம் தரம் பச்சை லைட்.

ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார்.
கார்த்திகையில் ஒருநாள், இரவு ஒன்றரை,
மூன்றாம் ரோலர் நின்றது.
ஆயிரத்தெண்ணூறு கிலோ கொழுந்து
தொட்டியில் காத்துக் கிடந்தது.
அந்த நம்பரை அடித்தேன். அங்கே பகல்.

"போனை மெஷினோடு ஒட்டிப் பிடி.
போடு. ம். நிறுத்து. இன்னொருக்கா போடு."
பத்தாயிரம் மைல் தள்ளி
ஒரு முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.
"இடப்பக்கத்து பெயரிங். பவளராணியைக் கூப்பிடு.
போன வருசம் டோர்ச் பிடித்தவள் அவள்தான்,
பார்த்துக்கொண்டுதான் பிடித்தாள்."

அவள் கொண்டையை இறுக்கிக்கொண்டு அடியில் போனாள்.
இந்தத்தரம் டோர்ச் என் கையில்.

"அங்கே என்ன வேலை, சேர்?"
"கையெழுத்து."
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.
நாலு மணிக்கு ரோலர் ஓடியது.

விடிந்ததும் அந்தப் படத்தைத் திறந்தேன்.
மெக்கானிக் கட்டத்தில் 'வெற்றிடம்' அழித்து
பவளராணி என்று அடித்தேன்.
எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருக்கவில்லை.
மேலிடத்துக்கு
இன்னும் அனுப்பவில்லை.