முடுக்கு

புளியரை எஸ் வளைவு, இரண்டாம் முடுக்கு.
தார்மேல் இரண்டு கறுப்புக் கோடுகள்.
நாடாவின் ஒரு முனையைச் செருப்பால் மிதித்துக்கொண்டு
ஏட்டு மகாராசன் கொட்டாவி விட்டார்.
இருபத்தெட்டு மீட்டர்.

கோடு முடியும் இடத்தில் லாரி,
நெற்றியில் கேரளத்து எண், முதுகில் அன்னாசி.
ஒரு முழம் தள்ளி ஓடைக்குள் பால்கேன்.
லாரி தொடவில்லை.
ஆவுடையப்பன்தான் வெளிச்சத்துக்குப் பயந்து
வண்டியோடு ஓடையில் சாய்ந்திருக்கிறார்.
தொடை எலும்பு. தென்காசி ஆஸ்பத்திரி.

சாஜன், பத்தனாபுரத்துக்காரன், கைகட்டிச் சொல்கிறான்:
"அம்பதுக்கு மேல போயிட்டில்ல மேடம்."
ஐம்பது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.
பதினோரு வருஷ வேலையில்
அறுபது சொன்னவனை நான் பார்த்ததில்லை.

கோடு வேகத்தைச் சொல்லாது.
வேகம் எப்படிச் செத்தது என்பதைச் சொல்லும்.
கண்ணை மூடி பஸ்ஸில் உட்கார்ந்தால்
எண்பதும் நிற்பதும் உடம்புக்கு ஒன்று.
அதற்குத் தெரிவதெல்லாம் மாற்றம்:
டிரைவர் மிதிக்கையில் முன்கம்பியில் இடிக்கும் நெற்றி,
கிளம்புகையில் சீட்டில் அழுந்தும் முதுகு,
முள் நாற்பதிலேயே நின்றாலும் வளைவில்
அடுத்த ஆள்மேல் சரியும் தோள்.
அந்த மாற்றம் நொடிக்கு எவ்வளவு என்று கேட்டால் முடுக்கம்.
எங்கள் பக்கம் சந்து திரும்பும் இடத்துக்கும் முடுக்கு என்றே பேர்.
பாடப்புத்தகம் எழுதியவர்
திருநெல்வேலிக்காரராக இருந்திருக்கலாம்.

படிவத்தின் முதுகில் கணக்குப் போட்டேன்.
வேகத்தின் வர்க்கம்: இரண்டு, முடுக்கம், தூரம், மூன்றையும் பெருக்கு.
தார் காய்ந்திருந்தால்
ஒவ்வொரு நொடியும் வேகத்தில் ஏழு மீட்டர் கழியும்.
முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு; மூலம் இருபதுக்குக் கொஞ்சம் குறைவு.
மணிக்கு எழுபத்தொன்று. சாஜன் பொய்யன்.
நனைந்திருந்தால் கழிவது பாதி, மூன்றரை.
நூற்றுத் தொண்ணூற்றாறு; மூலம் பதினான்கு, மிச்சமில்லை.
மணிக்கு ஐம்பதும் கொசுறும். சாஜன் யோக்கியன்.
அதே கோடு. அதே இருபத்தெட்டு.

காலை நாலு பத்துக்கு இங்கே தூறியதா?
கோட்டவாசலிலிருந்தே மழை என்கிறான் இவன்.
பொட்டுத் துளி இல்லை என்கிறார் டீக்கடைக்காரர்,
ஆவுடையப்பனுக்கு மச்சினன்.
சாரல் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை;
சில நாள் பார்த்ததுபோல நின்றும் விடுகிறது.
இப்போது ஏழரை. ரோடு வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது.

லாரி நின்ற பிறகு அதன் அடியில்
வெயிலும் விழவில்லை, காற்றும் நுழையவில்லை.
சீருடையோடு படுத்தேன்.
மகாராசன் வேறு பக்கம் பார்த்தார்.
நீட்டிய கையில் சேறு ஒட்டியது.
"வண்டியிலேர்ந்து சொட்டிருக்கும்மா."
சொட்டினால் புள்ளி புள்ளியாக இருக்கும்.
இது பாய் விரித்த ஈரம்.

ஒன்பதுக்கு மேற்கே இருட்டி, சாரல் வந்தது.
அதே இறக்கத்தில் ஜீப்பை முப்பத்தாறில் விட்டு,
நொடிக்குப் பத்து மீட்டர், அழுத்தி மிதித்தேன்.
பதினாலு மீட்டரில் நின்றது.
நூறை இருபத்தெட்டால் வகுத்தால்
மூன்றரைக்கு ஒரு பொடி கூடுதல்.
ஜீப் லாரி ஆகாது, தெரியும்.
ஆனாலும் கை நடுங்காமல் எழுதினேன்: ஐம்பது.

படிவத்தில் வேகத்துக்கு ஒரு கட்டம் உண்டு.
முடுக்கத்துக்கு இல்லை.

மேலே பெட்டிகளில் அன்னாசி முழுக்க
முன்பக்கம் வந்து அடைந்து கிடந்தது;
அதற்கு யாரும் பிரேக் போடவில்லை.
சாஜன் முதல்முறையாகச் சிரித்தான்:
"ஞான் பறஞ்சது சரியல்லே மேடம்?"

சரிதான் என்றேன்.
அவன் தலைக்கு மேலே பலகை நனைந்துகொண்டிருந்தது.
மஞ்சளில் கறுப்பாக, முப்பது.